தோட்டத்து வேலையை விடாமல் அஸ்கார் வத்தானியாவில் சேருவது எப்படி?

ஜொகூரில் ரெங்கம், லாயாங் லாயாங், சிம்பாங் ரெங்கம் பக்கத்துத் தம்பிகள் என்னைப் பார்த்தால் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, வேலையை விடாம ஆர்மியில சேரலாமாமே, எப்படி?" சேரலாம். ரெஜிமென் அஸ்கார் வத்தானியா என்பது மலேசியத் தரைப்படையின் தொண்டர் பிரிவு. மற்ற நாட்களில் தோட்டத்திலோ பேக்டரியிலோ உங்கள் வேலையைப் பார்ப்பீர்கள். பயிற்சி நாளில் சீருடை போட்டுக் காலாட்படைச் சிப்பாயாக நிற்பீர்கள்.

நான் சேர்ந்தபோது எந்தத் தாளை எங்கே கொடுப்பது என்று தமிழில் சொல்ல ஒருவரும் இல்லை. ஒவ்வொரு கவுண்டராக அலைந்துதான் தெரிந்துகொண்டேன். செம்பனைக் குலையைத் தூக்கி லாரியில் ஏற்றிப் பழகிய நம் பிள்ளைகள் உடல் பலத்தில் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. அவர்களில் பலர் திரும்பி வந்துவிடுவது தாளினாலும் லீவினாலும்தான். அதனால் அந்த இரண்டையும் விரிவாக எழுதுகிறேன்.

1. எதில் சேரப் போகிறீர்கள் என்று முதலில் தெளிவாகுங்கள்

ரேலா வேறு, வத்தானியா வேறு. ரேலா உள்துறை அமைச்சின் கீழ் வரும் தொண்டர் அமைப்பு. பொதுத் தற்காப்புப் படை, அதாவது ஏபிஎம், வெள்ளம் தீ போன்ற ஆபத்து வேளைகளில் மீட்பு வேலை பார்ப்பது. வத்தானியா தற்காப்பு அமைச்சின் கீழ் தரைப்படையோடு இருக்கிறது. இங்கே கற்றுக்கொள்வது ராணுவ வேலை: கவாத்து, ஆயுதம், காட்டுப் பயிற்சி, காவல்.

ஜொகூரில் இன்னொரு குழப்பமும் உண்டு. சுல்தானுக்கென்று உள்ள ஜொகூர் ராணுவப் படை தனி அமைப்பு. அதன் ஆள்சேர்ப்பு அறிவிப்பை வத்தானியா அறிவிப்பு என்று நினைத்துப் பகிர்ந்துவிடுகிறார்கள். அறிவிப்பில் 'அஸ்கார் வத்தானியா' என்ற பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

பல்கலைக்கழகத்தில் படிக்கிறவர்களுக்குப் பாலாப்பேஸ் என்ற வழி இருக்கிறது. அது சேமப்படை அதிகாரிகளைத் தயார் செய்யும் பயிற்சி. படித்துக்கொண்டிருக்கும்போதே கிடைக்கிற வாய்ப்பு என்பதால், உங்களுக்கு அது இருந்தால் அதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன்.

வத்தானியாவில் சேர்ந்தால் அப்படியே நிரந்தர ராணுவத்துக்குப் போய்விடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நிரந்தரப் படைக்குத் தனி விண்ணப்பம், தனித் தேர்வு. வத்தானியாவில் பெற்ற பழக்கம் அங்கே கைகொடுக்கும், அவ்வளவுதான். பெண்களும் வத்தானியாவில் சேரலாம். தங்கச்சிமார் தயங்க வேண்டாம்.

2. ஐசியை (அடையாள அட்டையை) எடுத்துப் பாருங்கள்

மலேசியக் குடிமகனாக இருக்க வேண்டும், 18 வயது நிறைந்திருக்க வேண்டும். வயதின் மேல் வரம்பு, உயரம், எடை எல்லாம் அந்தந்த ஆள்சேர்ப்பு அறிவிப்பில் இருக்கும். அதை வாங்கிப் படியுங்கள்.

நம் தோட்டங்களில் இன்னமும் சிவப்பு ஐசியோடு, அதாவது குடியுரிமை இல்லாத நிரந்தரவாசி அட்டையோடு, இருக்கிற குடும்பங்கள் இருக்கின்றன. இங்கேயே பிறந்து, இங்கேயே தமிழ்ப்பள்ளியில் படித்து, ஒரு தாள் சரியில்லாததால் குடியுரிமை இல்லாமல் நிற்கிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். மனதுக்கு மிகவும் கஷ்டமான விஷயம் இது. ஆனால் உண்மையைச் சொல்லித்தான் ஆக வேண்டும்: சிவப்பு ஐசியோடும் தற்காலிகவாசிகளின் பச்சை ஐசியோடும் வத்தானியாவில் சேர முடியாது. அப்படி இருந்தால் முகாமுக்கு அலைவதற்கு முன் தேசியப் பதிவிலாகாவில் குடியுரிமை விண்ணப்பத்தைத் தொடங்குங்கள். அப்பா அம்மாவின் திருமணப் பதிவு, அவர்களுடைய ஐசி, உங்கள் பிறப்புப் பத்திரம் ஆகியவற்றைத்தான் அங்கே முதலில் கேட்பார்கள். அது நீண்ட காலம் எடுக்கும் வேலை. இன்றே தொடங்குவது நல்லது.

நீல ஐசிக்காரர்கள், அதாவது குடிமக்கள், இரண்டு விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, முகவரி. தோட்ட லைன் வீட்டை விட்டு வீடமைப்புக்கு மாறியிருப்பீர்கள். ஐசியில் பழைய தோட்டத்தின் பெயரே இருக்கும். முகவரி மாறினால் 30 நாளுக்குள் பதிவிலாகாவில் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. புதிய அட்டைக்கு 10 வெள்ளி (ரிங்கிட்). ஐசி தொலைந்துபோயிருந்தால் கட்டணம் அதிகம், தடவைக்குத் தடவை அது கூடும். இன்னொன்று, பெயர். பிறப்புப் பத்திரத்தில் ஒரு எழுத்துக்கூட்டு, ஐசியில் ஒன்று, எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) சான்றிதழில் வேறொன்று என்று இருப்பது நம்மிடம் சாதாரணம். அப்பா பெயரில் ஓர் எழுத்து கூடியோ குறைந்தோ இருந்தாலும் கவுண்டரில் நிறுத்திவிடுவார்கள். மூன்றையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் பதிவிலாகாவில் கேட்டுச் சரிசெய்துவிட்டுப் பிறகு போங்கள்.

3. தாள்களைச் சேர்த்து ஒரு பைலில் போடுங்கள்

ஐசியின் இரு பக்கத்தையும் ஒரே ஏ4 தாளில் நகலெடுங்கள், வெட்டாதீர்கள். பிறப்புப் பத்திரம், பள்ளியை விட்ட சான்றிதழ், எஸ்பிஎம் அல்லது அதற்குக் கீழ் நீங்கள் எழுதிய கடைசித் தேர்வின் சான்றிதழ், மோட்டார் லைசென்ஸ் இருந்தால் அது, பாஸ்போர்ட் அளவுப் படம், உங்கள் சொந்தப் பெயரில் உள்ள வங்கிக் கணக்கின் விவரம், முதலாளியின் கடிதம். திருமணமானவர்கள் திருமணப் பத்திரத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றிலும் மூலமும் வேண்டும், நகலும் வேண்டும். நகலில் மூன்று செட் எடுங்கள். டவுன் கடையில் ஒரு பக்கம் 20 சென்னுக்குள் முடிந்துவிடும்.

வங்கிக் கணக்கு என்றதும் அண்ணன் கணக்கு, அம்மா கணக்கு என்று கொடுக்கிறார்கள். வேண்டாம். படிப்பணம், அதாவது பயிற்சிக்குத் தரும் அலவன்ஸ், உங்கள் பெயரில் உள்ள கணக்குக்குத்தான் வரும். கணக்கு பல மாதம் பயன்படுத்தாமல் கிடந்தால் முதலில் வங்கிக்குப் போய் அது உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள்.

நகல்களில் 'அசலோடு ஒத்திருக்கிறது' என்று அதிகாரி ஒருவர் முத்திரையிட்டுக் கையெழுத்துப் போட வேண்டி வரும். தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் போட்டால் போதுமா, பெங்குலுவா (ஊர்த் தலைவர்), சத்தியப்பிரமாண ஆணையரா என்று முகாமில் கேட்டுத் தெரிந்துகொண்டு அதன் பிறகு கையெழுத்துக்குப் போங்கள். கையெழுத்து வாங்கப் போகும்போது மூலத்தையும் எடுத்துப் போக மறக்காதீர்கள். மூலத்தைப் பார்க்காமல் யாரும் முத்திரை குத்த மாட்டார்கள்.

எஸ்பிஎம் சான்றிதழ் தொலைந்திருந்தால் தேர்வு வாரியத்தில் முடிவு அறிக்கைக்கு விண்ணப்பிக்கலாம். இதற்கு நாள் பிடிக்கும். மற்ற தாள்களைத் தேடுவதற்கு முன் இதைத் தொடங்குங்கள். 2020 முதல் மூன்றாம் படிவத்தை முடித்தவர்களுக்குப் பிடி3 என்ற அந்தப் படிவத்துத் தேர்வே இல்லை. அவர்கள் பள்ளிச் சான்றிதழைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

4. மானேஜரிடம் முன்கூட்டியே பேசுங்கள்

சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இதைத் தள்ளிப்போடாதீர்கள். வத்தானியாவில் இரண்டு வகைப் பயிற்சி. ஒன்று, உள்ளூர்ப் பயிற்சி: வார இறுதியிலும் சில மாலைகளிலும் நடக்கும். இன்னொன்று, ஆண்டு முகாம்: ஏறத்தாழ இரண்டு வாரம் தொடர்ந்து இருக்கும். இடறிவிடுவது இந்த இரண்டாவதில்தான்.

கணக்கைப் பாருங்கள். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி இரண்டு வருடத்துக்குக் கீழ் வேலை செய்தவருக்கு ஆண்டு லீவு 8 நாள். இரண்டு முதல் ஐந்து வருடத்துக்குள் 12 நாள். ஐந்தும் அதற்கு மேலும் என்றால் 16 நாள். வாரம் ஆறு நாள் வேலை செய்கிறவருக்கு 14 நாள் முகாமில் 12 வேலை நாள் போய்விடும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவரிடம் இருப்பது 8 நாள் என்றால் 4 நாள் சம்பளமில்லா லீவு. மாதம் 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளம் வாங்குகிறவருக்கு, 30 நாள் மாதத்தில், அது ஏறத்தாழ 227 வெள்ளிக் குறைவு. தீபாவளிக்கு வைத்திருந்த லீவும் சேர்ந்து போய்விடும். வீட்டில் இதை முன்கூட்டியே சொல்லுங்கள். மனைவியோ அம்மாவோ மாதக் கடைசியில் தெரிந்துகொள்வது நியாயமில்லை.

அரசாங்க ஊழியர்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு. தொண்டர் படைப் பயிற்சிக்கு அவர்களுக்குப் பதிவில்லா லீவு உண்டு. சொந்த லீவு கரையாது. தனியார் வேலைக்காரர்களுக்குக் கடிதம்தான் துணை. ஆள்சேர்ப்புக்கு முன் ஒரு சம்மதக் கடிதம். முகாம் தேதி வந்ததும் படைப்பிரிவு தரும் அழைப்புக் கடிதத்தை நகலெடுத்து அன்றைக்கே கிராணியிடம் (ஆபீஸ் குமாஸ்தா) கொடுத்து, உங்கள் நகலில் 'பெற்றுக்கொண்டோம்' என்று தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். மண்டோரிடம் (வேலை மேற்பார்வையாளர்) வாயால் சொல்லிவிட்டுப் போவது செல்லாது. அவர் நல்லவராகவே இருந்தாலும், செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பெயர் விழாத நாளுக்கு அவரால் பதில் சொல்ல முடியாது. எனக்குத் தெரிந்த ஒரு தம்பிக்கு இரண்டு வாரத்தையும் வேலைக்கு வராத நாள் என்றே எழுதிவிட்டார்கள். காட்டுவதற்கு அவனிடம் ஒரு தாளும் இல்லை.

மானேஜரிடம் பேசும்போது வெள்ளத்தை நினைவுபடுத்துங்கள். 2023 மார்ச்சில் குளுவாங், சிகாமாட், பத்து பகாட் மாவட்டங்கள் தண்ணீரில் கிடந்ததை இந்தப் பகுதியில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் பயிற்சி பெற்ற ஒருவன் தன் தோட்டத்திலேயே இருப்பது மானேஜருக்கும் நல்லதுதான்.

சிங்கப்பூருக்குத் தினமும் போய் வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஷிப்ட் முறை, பாலத்தில் போகும் நேரம், அங்குள்ள முதலாளிக்கு இந்தப் படையைப் பற்றி எதுவும் தெரியாமல் இருப்பது, எல்லாம் சேர்ந்து வருகையைக் கெடுத்துவிடும். அட்டவணையை வாங்கிப் பார்த்து, வர முடியும் என்று உறுதியானால் மட்டும் பெயர் கொடுங்கள்.

5. முகாம் வாசலுக்குப் போவது

வத்தானியா கம்பெனிகள் (படைப்பிரிவுகள்) பல மாவட்ட டவுன்களில் பரவியிருக்கின்றன. எது உங்களுக்கு அருகில் என்று தெரியாவிட்டால் பக்கத்து ராணுவ முகாமின் காவல் வாசலில் கேளுங்கள். எங்கள் பக்கத்துக்காரர்களுக்குக் குளுவாங் மஹ்கோத்தா முகாம் தெரிந்த இடம். அது நிரந்தரப் படையின் முகாம்; ஆனாலும் வத்தானியா அலுவலகத்துக்கு வழி கேட்கலாம். ஒவ்வொரு வத்தானியா பிரிவிலும் நிர்வாகத்துக்கென்று நிரந்தர ராணுவத்தினர் சிலர் இருப்பார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது அவர்களைத்தான்.

திங்கள் முதல் வெள்ளி வரை, காலையில் போங்கள். ஜொகூரில் 2025 ஜனவரி 1 முதல் வார விடுமுறை மீண்டும் சனி, ஞாயிறு ஆகிவிட்டது. பழைய பழக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை அலுவலகம் திறந்திருக்கும் என்று போய் நிற்காதீர்கள். நீளக் கால்சட்டை, காலர் சட்டை, ஷூ. சிலிப்பரோடும் அரைக்கால் சட்டையோடும் வாசலைத் தாண்ட முடியாது. மூல ஐசியை வாசலில் வாங்கி வைப்பார்கள்.

கேட்க வேண்டியவை: இப்போது காலி இடம் இருக்கிறதா, அடுத்த ஆள்சேர்ப்பு எப்போது, என்னென்ன தாள், யார் கையெழுத்து, இந்த ஆண்டு முகாம் எந்த மாதம். எழுதிக்கொண்டு வாருங்கள். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஆள் கணக்கு உண்டு. நிறைந்திருந்தால் தொலைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டு, மாதம் ஒரு முறை மரியாதையாக நினைவுபடுத்துங்கள்.

பாரத்துக்குக் காசு இல்லை. "எனக்கு உள்ளே ஆள் தெரியும், முந்நூறு கொடு, பெயரைப் போட்டுவிடுகிறேன்" என்று டவுன் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு சென்னும் கொடுக்காதீர்கள். கொடுத்த பணமும் திரும்பாது, பெயரும் ஏறாது.

6. உடல் சோதனையும் ஓட்டமும்

மருத்துவச் சோதனையில் உயரம், எடை, கண், நிறப்பார்வை, பல், காது, பாதம், முட்டி, இரத்த அழுத்தம், சிறுநீர் எல்லாம் பார்ப்பார்கள். சிறுநீரில் போதைப்பொருள் சோதனையும் உண்டு. பச்சை குத்தியிருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆஸ்துமா, வலிப்பு, பழைய எலும்பு முறிவு எதையும் மறைக்காதீர்கள். காட்டில் மூச்சு முட்டும்போது அது உங்கள் உயிர்ப் பிரச்சினை ஆகிவிடும்.

ஓட்டத்துக்கு 2.4 கிலோமீட்டரைக் குறிவையுங்கள். தோட்டத்துச் செம்மண் ரோட்டில் மோட்டார் சைக்கிள் மீட்டரை வைத்து தூரத்தை அளந்துகொண்டு, வாரம் மூன்று நாள் விடியற்காலையில் ஓடினால் இரண்டு மாதத்தில் உடம்பு பழகிவிடும். புஷ் அப், சிட் அப் தினமும். ஒன்றைக் கவனியுங்கள்: நாள் முழுதும் வெயிலில் வேலை செய்த உடம்பு பலமாக இருக்கும், ஆனால் ஓடும் மூச்சு அதனால் வராது. அதற்குத் தனியாக ஓடித்தான் ஆக வேண்டும்.

7. முதல் மாதங்கள்

எல்லாம் மலாயில் நடக்கும். "செடியா", "செனாங் டிரி", "கெ கானான் பூசிங்", "செப்பாட் ஜாலான்" என்ற கட்டளைகளை வீட்டிலேயே வாய்விட்டுச் சொல்லிச் செய்து பாருங்கள். அதிகாரியை 'துவான்' என்றும், வாரன்ட் அதிகாரியை 'என்சிக்' என்றும், சார்ஜன்டை 'சார்ஜான்' என்றும் அழைக்க வேண்டும். அதிகாலை அணிவகுப்பு நம் தோட்டத்துப் பெரட்டைப் போலத்தான்: பெயர் கூப்பிடும்போது நீ அங்கே நிற்க வேண்டும், பிந்தியவனுக்குச் சாக்கு இல்லை.

முடியை ஒட்ட வெட்டுங்கள். கையில் கட்டிய கறுப்புக் கயிறு, மணிக்கட்டு வளையம், கழுத்துச் சங்கிலி ஆகியவற்றை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். சாப்பாடு ஹலால். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள், சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் முதல் நாளே சமையல் பொறுப்பாளரிடம் சொல்லிவிடுங்கள். வரிசையில் நின்று தட்டைப் பார்த்து முகம் சுளிப்பதை விட இது மேல். நான் பார்த்தவரை, மாட்டிறைச்சி வேண்டாம் என்று முன்கூட்டிச் சொன்னவர்களுக்குக் கோழியோ மீனோ முட்டையோ கொடுத்துவிடுவார்கள்.

வருகைத் தாளில் ஒவ்வொரு முறையும் கையெழுத்துப் போட்டுவிட்டே கலையுங்கள். உள்ளூர்ப் பயிற்சிக்குப் படிப்பணம் மணிக் கணக்கில். கையெழுத்து இல்லாத மணி கணக்கில் வராது. சொந்தமாக ஒரு நோட்டில் தேதி, வந்த நேரம், போன நேரம் எழுதி வையுங்கள். பணம் வரும்போது ஒப்பிட உதவும்.

8. செலவும் வரவும்

சீருடையும் பூட்ஸும் படை கொடுக்கும். நீங்கள் வாங்க வேண்டியவை சின்னச் சின்னவை: நல்ல பருத்தி சாக்ஸ் நான்கு ஜோடி, பூட்ஸ் பாலிஷ், பிரஷ், கறுப்புப் பூட்டு, டார்ச் லைட், பிளாஸ்டிக் பைகள், கால் பவுடர், கொசு மருந்து, ஊசி நூல். பெட்ரோல் செலவைக் குறைக்க ஒரே தோட்டத்திலிருந்து இருவராகச் சேருங்கள்.

படிப்பணம் பதவிக்கு ஏற்ப இருக்கும். அது வங்கிக்கு வரச் சில நேரம் பிந்தும். மோட்டார் சைக்கிள் தவணையை அதை நம்பி வைக்காதீர்கள். ஆண்டுக்கு ஒரு முறை பவுண்டி என்ற ஊக்கத்தொகை உண்டு. போதிய பயிற்சி மணியும் ஆண்டு முகாமும் முடித்தவர்களுக்குத்தான் அது. பத்து மாதம் ஒழுங்காக வந்து, ஆண்டு முகாமைத் தவறவிட்டு, அதை இழக்கிறவர்கள் உண்டு. அதனால்தான் லீவைப் பற்றி அவ்வளவு எழுதினேன்.

9. ஆண்டு முகாம்

பாதத்தைக் காப்பாற்றுங்கள், மற்றதெல்லாம் தானாக வரும். புது பூட்ஸைக் கிடைத்த அன்றே வீட்டில் போட்டு நடக்கத் தொடங்குங்கள். முகாமில் முதல் தடவையாகப் போட்டால் இரண்டாம் நாளே கொப்புளம். அளவு சரியில்லை என்றால் வாங்கும்போதே சொல்லி மாற்றுங்கள். ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் சாக்ஸைக் கழற்றிப் பாதத்தைக் காற்றாட விட்டு, பவுடர் போட்டு, காய்ந்த சாக்ஸ் மாற்றுங்கள். ஒரு ஜோடி எப்போதும் பிளாஸ்டிக் பையில் நனையாமல் இருக்க வேண்டும்.

தண்ணீரைத் தாகம் எடுக்கும் முன் குடியுங்கள். சிறுநீர் மஞ்சள் கருத்தால் போதவில்லை என்று அர்த்தம். தலை சுற்றினால், வியர்வை நின்றால், உடனே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள். வெயிலின் தாக்கத்தில் ஆள் போய்விடலாம், வீரம் காட்டும் இடம் அதுவல்ல. காட்டில் தேங்கிய தண்ணீர்ப் பக்கம் கால் புண்ணோடு போகாதீர்கள். முகாம் முடிந்து ஒரு மாதத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் கிளினிக்கில் காட்டுக்குப் போய் வந்ததைச் சொல்லுங்கள். எலிச் சிறுநீர்க் காய்ச்சலா என்று மருத்துவர் பார்க்க வேண்டும்.

காயம் பட்டால் எவ்வளவு சிறியதானாலும் அன்றே சார்ஜனிடம் சொல்லி எழுத்தில் பதிய வையுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு வீங்கிய முட்டியைக் காட்டி, முகாமில் பட்டது என்று நிரூபிப்பது கடினம்.

10. ஆயுதம், தோட்டா, போன்

துப்பாக்கி எப்போதும் ஆயுதக் கிடங்கை விட்டு வீட்டுக்கு வராது. எண்ணைப் பார்த்து வாங்கி, எண்ணைப் பார்த்துத் திருப்பித் தர வேண்டும். சுடும் திடலில் பயிற்சி முடிந்ததும், தோட்டாவோ வெற்றுக் குப்பியோ தன்னிடம் இல்லை என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். நினைவுக்கு ஒன்று என்று வெற்றுக் குப்பியைப் பையில் போட்டு வராதீர்கள். பெரிய சிக்கலில் போய் மாட்டிக்கொள்ள அதுவே போதும். வேலையும் போகும், படையும் போகும்.

முகாமுக்குள் படம் எடுத்துப் போடாதீர்கள். அது தடைசெய்யப்பட்ட இடம். அதற்கு 1959-ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. சீருடையோடு கல்யாண வீட்டுக்கோ தீமிதிக்கோ போகும் ஆசையையும் விட்டுவிடுங்கள். கட்டளை இல்லாமல் சீருடை வெளியே வரக்கூடாது.

11. முதல் ஆண்டு முடிந்ததும்

அடுத்த ஆண்டு அட்டவணையைக் கேட்டு வாங்கி, ஜனவரியிலேயே மானேஜரிடம் கொடுத்துவிடுங்கள். லான்ஸ் கோப்ரல் (சிப்பாய்க்கு அடுத்த பதவி) பயிற்சிக்குப் பெயர் கேட்கும்போது நம் பிள்ளைகள் பின்வரிசைக்குப் போய்விடுகிறார்கள். கையைத் தூக்குங்கள். பிளாட்டூனில் தமிழில் கூப்பிட்டு விளக்க ஒரு கோப்ரல் இருந்தால், அடுத்து வருகிற தோட்டத்துப் பையனுக்கு முதல் மாதம் எவ்வளவு இலேசாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

விலக வேண்டி வந்தால் வராமல் நின்றுவிடாதீர்கள். கடிதம் எழுதிக் கொடுத்து, வாங்கிய பொருள் அட்டையில் உள்ளதை எல்லாம் துவைத்துத் திருப்பிக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் கையெழுத்து வாங்குங்கள். குறைகிற பொருளுக்குக் காசு பிடிப்பார்கள். விடுவிப்புக் கடிதத்தை வாங்கி உங்கள் பைலில் பிறப்புப் பத்திரத்தோடு வைத்துக்கொள்ளுங்கள்; பிற்பாடு காவல் வேலைக்கோ அரசு வேலைக்கோ விண்ணப்பிக்கும்போது அதைக் கேட்பார்கள்.